சிரிக்கப் பயம்

வெள்ளவத்தை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்கா,

பிள்ளை சுகம். நீ அனுப்பிய பத்தியச் சரக்குத்தூள் கிடைத்தது. இடுப்பு வலி குறைந்துவிட்டது.

இவர் கந்தோர் வேலை முடிந்து வந்ததும் வெள்ளைக்காரத் துரையைப்போல நடந்து காட்டுகிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுகிறேன். நேற்று, "என்னில ஏதும் கோவமே?" என்று கேட்டார். கோபமில்லை, அக்கா. சிரித்தால் அடக்க முடியாமல் சேலை நனைந்துவிடுகிறது. தும்மினாலும் அப்படித்தான். ஆசுபத்திரி மிசியிடம் கேட்கப் போய், பிள்ளையின் சளியைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன்.

இது மாறுமா?

மூத்தவன் பிறந்த பிறகு நீயும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. தாயானதும் உனக்குப் பெருமை வந்துவிட்டதென்று நாங்கள் பகிடி பண்ணினோம். அவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். நீ இன்னும் சிரிக்கவில்லையே, அக்கா?

உடனே எழுது.

உன் தங்கை