நீங்கள் தைத்த சீட் கவர்

என்னங்க,

ஷிஃப்டுக்குப் போகிறேன். குஸ்கா ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாவி வழக்கமான இடத்தில்.

மூன்று ஞாயிறாக நான் உங்களோடு சைக்கிளில் வரவில்லை என்று, "என்கூட வர்றது பேஜாரா இருந்தா சொல்லிடு" என்றீர்கள். பேஜார் இல்லை. ஷூவுக்கு வைக்கிற ஸ்பாஞ்சை இரட்டையாக வைத்து என் சைக்கிள் சீட்டுக்கு நீங்கள் தைத்த தோல் கவர்தான் காரணம். அதில் அமுங்கி உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் தொடை மரத்துவிடுகிறது. ஆசையாகத் தைத்தவரிடம் எப்படிச் சொல்வது?

நேற்று அதைக் கழற்றி, சீட்டை ஒரு விரல் ஏற்றி, விரிஞ்சிபுரம் வரை போய்வந்தேன். வலியே இல்லை. பின்னால் நீங்கள் வருகிறீர்களா என்று மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

உமைமா

கவரை எறியவில்லை. பீரோவில் என் துணிகளுக்கு நடுவில் இருக்கிறது. எடுத்து உங்கள் சீட்டில் மாட்டிவிடாதீர்கள். அப்புறம் நீங்கள் வராமல் போவீர்கள்.