புகை வராத இன்ஜின்

கள்ளக்குறிச்சி
15-1-2021, வெள்ளி காலை

அன்பு மகன் உமைருக்கு அத்தா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உடம்பால் நலம். மனதைப் பற்றி நீ கேட்கப்போவதில்லை, நானும் சொல்லப்போவதில்லை. அந்த ஷார்ஜா மணல்காட்டில் நீ நோய்நொடி இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு, தொழுகையை விடாமல் இருக்க வேண்டும் என்பதே ஐந்து வேளையும் என் துஆ. போனில் உன்னோடு பேசுவதில்லை என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னேன், அதில் மாற்றமில்லை. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் உன் அம்மா இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். அவசரமாக மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வைத்துவிடாதே, கடைசிவரை படி.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தை பிறந்தும் மழை விடவில்லை, மணலூர்பேட்டைப் பக்கம் அறுப்புக்கு நின்ற நெல்லெல்லாம் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துவிட்டது என்கிறார்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர்கள் சேற்றில் இழுத்து இழுத்துப் பாழாகி வருகின்றன, பட்டறையில் நான்கு இன்ஜின் பிரித்துக் கிடக்கிறது, சேலத்திலிருந்து வர வேண்டிய பிஸ்டன் ரிங் செட் வரவில்லை. காரணம் உனக்கே தெரியும், இடஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது, நினைத்த நாளில் சாலையை மறிக்கிறார்கள். இவர்கள் சாலையை மறிப்பது எனக்குப் புதிதல்ல. 87 செப்டம்பரில் பாலிடெக்னிக் விரிவுரையாளர் வேலை நேர்முகத்துக்கு நான் மெட்ராஸ் கிளம்பிய அன்று எலவனாசூர்கோட்டை தாண்டியதும் புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் அங்கேயே நின்றுவிட்டது, நான் சர்டிபிகேட் பையோடு நடந்து திரும்பினேன். அந்த வேலை அத்தோடு போயிற்று, மெக்கானிக்கல் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கியவன் லேத் பட்டறைக்காரன் ஆனேன். அன்று வெட்டிய மரத்தின் மேல் ஏறி நின்று கத்தியவர்களில் ஒருவன் சின்னராசு, நம் பட்டறைக்கு இன்றும் டிராக்டர் கொண்டுவருகிற அதே சின்னராசுதான். அவன் வண்டிக்கு நான் சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டுக் கொடுக்கிறேன், ஆனால் இத்தனை வருடத்தில் அவனோடு ஒரு டீ குடித்ததில்லை. போன வாரம்கூட மறியலைப் பற்றி நான் ஏதோ சொல்லப்போக, "உனுக்கு ஒரு இன்டர்வியூதான் பாய் போச்சி, எங்க அண்ணன் ஆறு மாசம் உள்ள இருந்தான், இன்னமும் எங்க புள்ளைங்க வேலைக்கு அலஞ்சிக்கினுதான் கீறானுங்க" என்றான். லேத்தைப் போட்டேன், சத்தத்தில் அவன் குரல் அடங்கிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். கொரோனாவில் மூடிய ஏதோ கோவா ரிசார்ட்டிலிருந்து, நீ வீடியோவில் பார்த்து "எட்றா தம்பி, சூப்பர் பீஸு" என்று உன் தம்பி சுபைரை வாங்க வைத்தாயே, பைக்போல ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற அந்த நாலு சக்கர மலைவண்டி, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அக்டோபரிலிருந்து அவன் அதைக் கல்வராயன் மலையில் வைத்து ஓட்டுகிறான். வெள்ளிமலைக்கும் மேகம் அருவிக்கும் நடுவில் காட்டுத்தடத்தில் வருகிறவர்களுக்கு ஒரு சுற்று ஓட்டக் கொடுக்கிறான், தான் ஓட்டி வீடியோ போடுகிறான். அந்த இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று டிசம்பரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் மீட்டரைக் காட்டுகிறான். "மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல அத்தா, அண்ணன் பத்தாயிரம் வரைக்கும் கைய வெக்காதன்னு சொல்லிக்கீறாரு" என்கிறான். நீ அப்படிச் சொன்னது உண்மைதானா? உண்மை என்றால், உன் கேம்ப்பில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போகிற வண்டிகளை வைத்துச் சொல்லியிருக்கிறாய். அவை மெதுவாகச் சுற்றுகிற, கனமான, சாதுவான இன்ஜின்கள். இது பந்தயத்துக்குச் செய்தது. நானூற்றைம்பது சிசி, ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று, பிஸ்டன் உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாது, பாவாடை என்று சொல்லத்தக்க கீழ்ப்பக்கச் சுவர் அதில் ஒரு விரல் அகலம்கூட இல்லை. இப்படிப்பட்ட இன்ஜினுக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, ஓடிய மணிக்கணக்குதான். பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் முப்பது நாற்பது மணி நேரத்துக்கு ஒரு பிஸ்டன் மாற்றுகிறார்கள், பொழுதுபோக்காக ஓட்டுகிறவர்கள்கூட நூறு மணியைத் தாண்டவிடுவதில்லை. இதைக் கண்டுபிடிக்க ஷார்ஜா போக வேண்டியதில்லை, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைப் படித்தால் போதும். மலையில் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் நாள் முழுக்க முறுக்கினால் கிலோமீட்டர் என்ன ஏறும்? சக்கரம் பத்து கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜின் நூறு கிலோமீட்டருக்கான ஓட்டம் ஓடியிருக்கும். குறைந்தபட்சக் கணக்கு வைத்தாலும் நூற்றைம்பது மணியைத் தாண்டிவிட்டது, கோவாவில் எவ்வளவு ஓடியதோ யாருக்குத் தெரியும்.

நம் ஊரில் இன்ஜின் வேலை என்றால் புகை வந்தால்தான். டிராக்டர்காரனும் லாரிக்காரனும் நீலப்புகை பார்க்கும்வரை பட்டறை வாசலை மிதிக்கமாட்டான், அந்த வழக்கம் சுபைருக்கும் ஊறிப்போயிருக்கிறது. "பொகயே வரல, இன்னாத்துக்கு நல்லா ஓட்ற வண்டியப் பிரிக்கணும்ன்றீங்க" என்று கேட்கிறான். டீசல் இன்ஜின் இரும்புப் பெட்டி, தேய்ந்து தேய்ந்து புகைவிட்டு, மாதக்கணக்கில் எச்சரித்துவிட்டுத்தான் நிற்கும். இது எச்சரிக்காது. காலையில் ஓடும், மத்தியானம் ஓடும், பிறகு ஒரு நொடியில் பிஸ்டன் உடைந்து உள்ளேயே இறுகிவிடும். அது காட்டுகிற அடையாளமே வேறு. ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, வால்வு தேய்ந்து தன் இருக்கைக்குள் இறங்கி, இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போனதன் அறிகுறி அது. "சூடு ஆறினா எடுத்துக்கும் அத்தா, அதுக்கு அது பழக்கம்" என்கிறான், மாட்டைப் பற்றிப் பேசுவதுபோல. காற்று வடிகட்டியை எடுத்துப் பார்த்தேன். அது ஸ்பாஞ்சு, கழுவிக் காயவைத்து அதற்கென்று உள்ள எண்ணெயில் பிழிந்துதான் போட வேண்டும். இவன் மோட்டார் சைக்கிள் வடிகட்டியைப்போல் காற்றடித்து, உலர்ந்தபடியே மாட்டியிருக்கிறான். அக்டோபரில் அந்த மலையின் செம்மண் தூசி முழுவதும் உள்ளே போய் ரிங்கைத் தின்றிருக்கிறது. போன செவ்வாய் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு அவன் வெளியே போயிருந்தபோது ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தேன். துணி முழுக்க வெள்ளித்தூள், ஜரிகைபோல மின்னியது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "இது அந்த வண்டியோட எலும்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். புது ஆயில் ஊற்றி வைத்தேன். வந்ததும் துணியை எடுத்து சுபைரிடம் நீட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே, "அத்தாவுக்கு டிராக்டர்தான் தெரியும்" என்றான். எங்கே கற்றுக்கொண்ட வார்த்தை என்று உனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் உன் மாமா வீட்டுக் கல்யாணப் பந்தலில் அத்தனை பேர் முன்னால் நீ சொன்ன வார்த்தை அது, ஒரு எழுத்து மாறவில்லை.

இப்போது நான் பயப்படுகிற காரியத்தைச் சொல்கிறேன். நாளை காணும் பொங்கல். மலையடிவாரத்துக் கோமுகி அணையில் கூட்டம் கூடும். அணையிலிருந்து வெள்ளிமலைவரை ஏறி, நிறுத்தாமல் அதே வேகத்தில் இறங்கி வருவதாக வீடியோவில் அறிவித்திருக்கிறான். ஒரே ஆள் உட்காரும் வண்டியில் பின்னால் காமிராவோடு இன்னொருவன் உட்காரப்போகிறான், அது அந்தச் சின்னராசுவின் மகன் பிரவீன்குமார், காலேஜில் படிக்கிறவன். ஏறும்போது இன்ஜின் இறுகினால் நின்ற இடத்தில் நிற்கும், அவமானத்தோடு போகும். இறங்கும்போது இறுகினால்? பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில், ஒரே செயினில் இன்ஜினோடு கட்டியிருக்கின்றன. இன்ஜின் நின்ற நொடியில் இரண்டு சக்கரமும் கல்லாக நின்றுவிடும். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில், பின்னால் ஒருவனைச் சுமந்துகொண்டு வருகிற வண்டிக்கு அப்போது என்ன ஆகும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. தடுப்புச்சுவர் இல்லாத வளைவுகள் எவை என்று உனக்குத் தெரியும், அந்தப் பாதையில்தான் நீ பைக் பழகினாய்.

நேற்று பொங்கலன்று வண்டியை மறுபடியும் வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். இன்று காலையில் சாவியை எடுத்து என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பிளக்கைக் கழற்றி ஒளித்திருக்கலாம், என் வீட்டில் நானே திருடன்போல நடக்க மனம் வரவில்லை. "சாவி என்கிட்டதான் இருக்கு, நாளைக்கு நீ போகல" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான். நான் சொன்னால் கேட்கமாட்டான். நீ சொன்னால் கேட்பான். பத்தாயிரம் கணக்கைச் சொன்னது நீ, அது தப்பு என்றும் நீதான் சொல்ல வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, வந்து முடிக்கிறேன்.

ஜும்ஆ முடிந்து வந்து எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்து சரியாக இல்லை, பொறுத்துக்கொள். பள்ளிவாசலிலிருந்து தெருமுனைக்கு வரும்போதே அந்தச் சத்தம் கேட்டது. சாவி என் பையில் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டேன். உன் அம்மா வாசலில் நின்றாள். "போன்ல வீடியோவுல அண்ணங்கிட்ட காட்டிக்கினே ரெண்டு ஒயர முறுக்கினான், அண்ணன் ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தாரு, பெரியவனும் சின்னவனும் சிரிச்சிக்கினு இருந்தாங்க, நான் இன்னா பண்ணுவேன்" என்று அழுதாள். நாளைக்கு மழை வரும் என்று செய்தியில் சொன்னார்களாம், அதனால் இன்றே ஏறிவிடுகிறேன் என்று போய்விட்டான். பிரவீன்குமாரும் போயிருக்கிறான். உமைர், உனக்கு நான் போன் செய்தேன். ஆமாம், நானேதான். நான்கு முறை. முதலில் மணி அடித்தது, பிறகு அதுவும் இல்லை, நீ கேம்ப்புக்குக் கிளம்பியிருப்பாய், அங்கே டவர் கிடையாது என்கிறாள் உன் அம்மா. சுபைர் எடுக்கவில்லை. பிறகு சின்னராசுவுக்குப் போட்டேன். இன்றைக்கு மறியல் உண்டா என்று கேட்டேன். "இன்னா பாய், நாங்க ரோட்ட மறிச்சா திட்டுவ, இன்னிக்கி மறிக்கலன்னு திட்டப் போறியா" என்று சிரித்தான். விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அடுத்து டிராக்டர் கிளம்புகிற சத்தம்தான் போனில் கேட்டது. மலைக்குப் போகிற வழியில் உள்ள தன் ஊர் கச்சிராயபாளையத்தில், பொங்கலுக்கு மாலை போட்ட டிராக்டரைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தி, தன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். முப்பத்து மூன்று வருடம் சாலை மறித்தவர்களைச் சபித்த நான், இன்று ஒரு நாள் அவர்கள் வழிவிடாமல் நிற்க வேண்டும் என்று தொழுகைப்பாயில் உட்கார்ந்து கேட்டேன்.

இப்போதுதான் திரும்பக் கூப்பிட்டான். "பாய், ரோட்டுல வரல. எங்களப் பார்த்துட்டு ஓடையில எறக்கி, கரும்புக் கொல்லைக்குள்ள பூந்து போய்ட்டானுங்க. சத்தம் மலப் பக்கமா போவுது" என்றான். அவன் அழுகிறானா, ஓடிவந்த இளைப்பா, தெரியவில்லை. மரத்தை வெட்டிப் போட்டாலும் ஏறிப் போகிற வண்டியல்லவா, அதற்குச் சாலை எதற்கு. டிராக்டரில் அவர்களைத் துரத்த முடியாது, சின்னராசு பைக் ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை அழைத்துப்போக இங்கே வந்துகொண்டிருக்கிறான், அவனோடு பஸ் பாதை வழியாக மலைக்குப் போகிறேன். நாங்கள் போய்ச் சேர நேரமாகும்.

ஆகவே இதை நிறுத்தி நிதானமாகப் படி. ஏறி முடித்ததும் அவன் வெள்ளிமலையில் டவர் இருக்கிற இடத்தில் நிற்பான், முதலில் உனக்குத்தான் போன் செய்வான், எனக்கு அல்ல. உன் போனுக்கு உயிர் வந்ததும் இதையும் அவன் அழைப்பையும் சேர்த்துப் பார்ப்பாய். அந்த நேரம்தான் உனக்கு இருக்கிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் இறங்கச் சொல். திட்டாதே, திட்டினால் வைத்துவிடுவான். அத்தா சொன்னதாகச் சொல்லாதே, நீயே கண்டுபிடித்ததாகச் சொல். அதையும் கேட்காவிட்டால், இறங்கி முடிக்கும்வரை இரண்டு விரல் கிளட்ச் மேலேயே இருக்கட்டும், சத்தம் மாறியதும் யோசிக்காமல் அழுத்தட்டும், அப்போதுதான் சக்கரம் உருளும் என்று சொல். பிரவீனைப் பின்னால் ஏற்றவே வேண்டாம் என்று சொல்.

அல்லாஹ் உங்கள் இருவரையும் தன் பாதுகாப்பில் வைப்பானாக, உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல ரிஜ்க்கையும், குறையாத வாழ்வாதாரத்தையும் தருவானாக. நீ ஓட்டுகிற வண்டியின் ஆயிலையும் ஒருமுறை வெள்ளைத் துணியில் வடித்துப் பார். சாவி இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அத்தா
தஸ்தகீர்

இரண்டு விரல். மறந்துவிடாதே.