ஒரு ரிமோட்டுக்கு ஒரு பெட்டி ரிசீவர்

திருவொற்றியூர் குப்பம்

அன்புள்ள நைனா ரஞ்சித்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சி அம்முவும் சுகம். நீயும் சுகம் என்று ஒவ்வொரு போனிலும் சொல்கிறாய், ஆனால் அதைச் சொல்லும்போது பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரியே இருக்கிறது, அதனால் உன் சுகத்தை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. போனில் கேட்க முடியாததைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். நம்ம குப்பத்து ஜெபசிங் லீவு முடிந்து நீ இருக்கிற பக்கத்துக் கப்பல் பட்டறை வேலைக்கே திரும்புகிறான், உன் கையில்தான் கொடுப்பேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அப்பாவுக்கு முட்டி வலி, போட்டில் கடலுக்குப் போகாதே என்றால் “வூட்ல குந்திக்கினு இன்னா பண்றது” என்கிறார். அம்மு நர்சிங் பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம், அவள் சொல்வதையும் ரிசல்ட் வந்தபிறகுதான் நம்புவேன். உன்னை அனுப்பிய ஏஜெண்டைப் பார்க்க எம்.கே.பி. நகர் போனேன். மாடி ஆபீஸ் பூட்டிக் கிடக்கிறது, போர்டைக்கூடக் கழற்றிவிட்டான். கீழ்வீட்டு அஜீசா, “அவன் காலி பண்ணிக்கினு போயி ரொம்ப நாளாவுதுக்கா, புள்ளைய அனுப்புன அம்மாங்க உன்னாட்டமே வந்து கேட்டுகினுதான் கீறாங்க” என்றாள். வயலுக்கு மருந்து தெளிக்கிற குட்டி பிளேன் ஓட்டும் வேலை என்று சொல்லித்தானே போனாய். நீ இருக்கிற பக்கம் கார்த்திகையிலிருந்து பனி கொட்டுகிறதாம், அம்மு போனில் பார்த்துச் சொன்னாள். பனிக்கு எதற்கடா மருந்து.

இதற்கு நடுவில்தான் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பிளேன் ஓட்டுகிற ரிமோட் ஒன்று, அதோடு சேர்கிற ரிசீவர் ஒரு பெட்டி நிறைய, ஜெபசிங்கிடம் கொடுத்தனுப்பு, இருப்பதிலேயே மலிவானது போதும், தூரம் மட்டும் அதிகம் போக வேண்டும், ஃபெயில்சேஃப் எல்லாம் தேவையில்லை என்றாய். வண்ணாரப்பேட்டையில் உன் விளையாட்டு பிளேனுக்கு நீ வழக்கமாகச் சாமான் வாங்குகிற ஜேக்கப் கடைக்குப் போனேன். அவரையும் முதலில் நான் நம்பவில்லை, செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்குகிறவளா நான், பெட்டியைப் பிரித்துக் காட்டு, எல்லாவற்றையும் விளக்கிச் சொல் என்றேன். பாவம், பொறுமையாகத்தான் சொன்னார். கையில் பிடிக்கிற ரிமோட் சொல்வதைப் பிளேனுக்குள் உட்கார்ந்து கேட்பது ரிசீவராம், இரண்டும் ஒரே வகையாக இல்லாவிட்டால் ஒன்று சொல்வது இன்னொன்றுக்குக் கேட்காதாம், இறக்கைக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என்று சாதாரண பிளேனுக்கு ஆறு சேனல் தாராளமாம். ஃபெயில்சேஃப் என்றால் என்ன என்று கேட்டேன். “நடுவுல சிக்னல் அறுந்துட்ச்சினா பிளேன் இன்னா பண்ணணும்னு முன்னாடியே சொல்லி வெக்கிறதுக்கா, மோட்டார நிறுத்திட்டு மெதுவா எறங்கி வான்னு” என்றார். பிறகு உன் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். “ஒரு ரிமோட்ல ஒண்ணு மாத்தி ஒண்ணு எத்தினி பிளேன் வேணா ஓட்டலாம், அது சரி. ஆனா ஃபெயில்சேஃப் வாணாம்னு ரஞ்சித்து சொல்லமாட்டானே. பிளேன் திரும்பி வரணும்னு நெனக்கிறவன் மொதல்ல கேக்கறதே அத்தத்தான்” என்றார்.

எனக்குத் தெரியாதா உன்னை. ஒரே ரிசீவரைக் கழற்றிக் கழற்றி எல்லா பிளேனுக்கும் மாட்டினவன் நீ. சடையங்குப்பம் மைதானத்தில் அம்முவைப் பிளேனைப் பிடித்துக்கொண்டு நிற்கவைத்து, நீ ரிமோட்டோடு கண்ணுக்கு எட்டாத தூரம் நடந்துபோய், இறக்கை அசைகிறதா என்று கத்திக் கேட்டபிறகுதான் பறக்கவே விடுவாய். எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு தடவை பிளேன் விழுந்ததற்கு இடுப்பளவு சேற்றில் இறங்கித் தேடினாய். அந்தப் பிள்ளை இன்றைக்குப் பெட்டி நிறைய வேண்டும், மலிவானது போதும், திரும்பி வராவிட்டால் பரவாயில்லை என்கிறான். நான் மீன்காரிடா. கேட்கிற மீனை வைத்தே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன், பால்சுறா கேட்டால் பிள்ளை பெற்றவள் இருக்கிறாள், முள்ளில்லாத மீன் கேட்டால் பல்லில்லாதவர் இருக்கிறார். நீ கேட்ட சரக்கு மருந்து தெளிக்கிறவன் கேட்கிற சரக்கு இல்லை. மேலே போய் ஆள் மேல் விழுந்து வெடிக்கிற பிளேனுக்குத்தான் அது. அந்தப் பக்கம் நடக்கிற சண்டையை நானும் டிவியில் பார்க்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த ரிசீவர் அங்கே கிடைக்காதா என்ன. கடல் தாண்டி ஏன் அம்மாவிடம் கேட்டாய். பக்கத்தில் ஆள் நிற்கும்போது வாயால் சொல்ல முடியாததை, இப்படி ஒரு சரக்காகக் கேட்டால் அம்மா புரிந்துகொள்வாள் என்றுதானே கேட்டாய்.

அதனால் பெட்டி நிறைய வாங்கவில்லை. ஒரு ரிமோட்டும் ஒரே ஒரு ரிசீவரும் வாங்கி, ஜேக்கப்பையே ஃபெயில்சேஃப் வைத்துத் தரச்சொல்லி, பரணில் இருந்த உன் மஞ்சள் பிளேனுக்குள் மாட்டி வைத்திருக்கிறேன், ரிமோட்டும் என்னிடமே இருக்கிறது. உனக்கு நெத்திலிக் கருவாடும் கம்பளிக் குல்லாவும்தான் வருகிறது. நான் நினைப்பது தப்பென்றால் போனில் என்னை வாய் நிறையத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சரியென்றால் எதையும் விளக்காதே, “ஒரு ரிசீவர் போதும்மா” என்று மட்டும் சொல். மறுநாள் காலையில் நான் மார்க்கெட்டுக்குப் போகமாட்டேன். கடலில் பிடிபட்ட ஆம்பளைகளுக்காக ஆபீஸ் ஆபீஸாக உட்கார்ந்து மீட்டுக்கொண்டு வந்த குப்பத்துப் பெண்கள் நாங்கள், எந்த வாசலில் உட்கார வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அஜீசா வீட்டு வாசலில் வந்து நின்ற அம்மாக்களையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

கடலம்மா உன்னைக் கைவிடமாட்டாள், நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். புரியாத பாஷையில் எந்தக் காகிதம் கொடுத்தாலும் கையெழுத்துப் போடாதே. இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நடுவில் நம் போன் அறுந்துபோனால் என்ன செய்ய வேண்டும் என்றும் இப்போதே சொல்லி வைக்கிறேன். யாரையும் கேட்காதே, எதையும் எடுக்காதே, ஜெபசிங் இருக்கிற இடத்துக்கு இறங்கி வந்துவிடு.

உன் போனுக்குக் காத்திருக்கும்
அம்மா நீலா