சுவாசினிக்குப் பொட்டு வைத்த நாள்

நாள் 4017 / 06:05 / கானிமீட் பனிச்சுரங்க நிலையம்

இதைக் கண்டெடுக்கும் புண்ணியவான் கவனத்துக்கு. வலது கையில் சந்தனமும் இடது கையில் குங்குமமுமாக நின்று சத்தியம் செய்கிறேன்: இனி எழுதப்போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். பதினோரு வருஷமாக இந்தக் குறிப்பேட்டில் நான் எழுதிய எதையும் நாங்குநேரித் தரைக்கட்டுப்பாடு நம்பியதில்லை. வியாழனின் சிவப்புப் புள்ளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தது என்று எழுதினேன். மருத்துவரை அழைக்கவா என்று கேட்டார்கள்.

நான் மாசிலாமணி. இந்த நிலையத்தின் ஒரே மனிதன். ஆகவே சக்கரவர்த்தி, மந்திரி, கழிவறை சுத்தம் செய்பவன், மூன்றும் நானே. என் ஒரே குடிமகள் சுவாசினி. அவள் ஒரு மென்பொருள். பனிக்கட்டியை உடைத்து ஆக்ஸிஜன் பிரிக்கும் உலையை ஓட்டுகிறாள். அவள் குடியிருப்பது ஒரு லினக்ஸ் கணினி. 4017 நாளாக அது ஒரு நொடிகூட நின்றதில்லை.

இன்று ஆயுதபூஜை. ஆயுதத்தை ஓய்வில் வைக்க வேண்டிய நாள். பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்கே பொட்டு வைத்து ஏமாற்றி வந்தேன். வேலை செய்கிற ஆளை நிறுத்தாமல் கும்பிட்டால் அது பூஜையா? மனசு உறுத்தியது. விதிப்படி அதை அணைக்கக்கூடாது. பத்தே நிமிஷம். யாருக்குத் தெரியப்போகிறது?

ஆக்ஸிஜன் தொட்டியில் கையிருப்பு: 12 மணி நேரம். எல்லாம் சீர்.

06:50

06:30-க்கு அணைத்தேன். பொட்டு வைத்தேன். தட்டில் வளர்த்த பூசணிக்காயை வெளிக்கதவில் நின்று சுற்றிப் போட்டு உடைத்தேன். இங்கே ஈர்ப்பு ஏழில் ஒரு பங்கு. ஒரு துண்டு கீழே விழ மறுத்துவிட்டது. வியாழனுக்கு ஒரு நிலவு கூடியிருக்கிறது, வானியலாளர்கள் குறித்துக்கொள்ளவும்.

கணினியை மறுபடி போட்டேன். திரையில்: "வட்டு முழுவதும் சரிபார்க்கப்படுகிறது. மீதி நேரம்: 3 மணி 40 நிமிஷம்." ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் இதைச் செய்யும் என்று கையேட்டில் இருக்கிறது. 4017 நாளுக்கு முன் படித்தது.

10:45

வட்டு சரி. கணினி எழுந்துவிட்டது. சுவாசினி எழவில்லை. இருபது நிமிஷம் உலையைச் சூடாக்குவதுபோல் பாவனை செய்துவிட்டு ஒரு வரி துப்பினாள்: "இந்த ஜாவாவில் என்னால் இயங்க இயலாது."

படிப்பவருக்கு விளக்கம். சுவாசினி தானாக ஓடுபவள் அல்ல. ஜாவா என்ற இன்னொரு மென்பொருளின் பழைய பதிப்பு அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்தப் பழைய ஜாவா எந்த அடைவில், அதாவது வட்டின் எந்த அறையில், இருக்கிறது என்று கணினிக்கு ஒரு வரியில் சொல்லி வைக்க வேண்டும். ஆறு மாதம் முன் நாங்குநேரி ஒரு புது ஜாவாவை அனுப்பி நிறுவியது. கணினி இப்போது அந்தப் புதியதைத்தான் கைகாட்டுகிறது. எதிரி யார் என்று கண்டுபிடித்துவிட்டேன்.

தரையில் இருப்பவள் செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி. என் வயதுதான், என் பதவிதான். அவளுக்கும் எனக்கும் பதினோரு வருஷப் போர். செய்தி போக 43 நிமிஷம், வர 43. சண்டைக்கு இதைவிடப் பொறுமையான ஊர் கிடையாது.

அனுப்பியது: "செண்பகவல்லி அம்மையாருக்கு. தாங்கள் ஆறு மாதம் முன் அனுப்பிய ஜாவா என் மூச்சை நிறுத்திவிட்டது. சீக்கிரம் பிராயச்சித்தம் சொல்லவும். தொட்டி 18:30-க்குக் காலி."

12:16

வந்தது: "அண்ணாச்சி, அனுப்பின ஜாவா ஆறு மாசமா உங்க பக்கத்துலயே உக்காந்துதான இருந்துச்சு. அப்பல்லாம் கடிக்காதது இன்னைக்கு ஏன் கடிக்கி? காலைல என்ன செஞ்சீய? சரி, புதுசைக் கழத்திப் போட்டுப் பாருங்க. உண்மையா என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க."

கழற்றினேன். இப்போது கணினி சொல்கிறது: "ஜாவா: கட்டளை கிடைக்கவில்லை." சற்றுமுன்வரை தப்பான ஜாவாவாவது இருந்தது.

திரும்ப நிறுவச் சொன்னேன். கணினி பூமியிடம் கேட்டது, முப்பது விநாடி காத்தது, பதில் இல்லை என்று கைவிட்டது. பதில் வர எண்பத்தாறு நிமிஷம் ஆகும் என்று இந்தக் கழுதைக்கு யார் சொல்வது? முப்பதை ஆறாயிரம் ஆக்கப் போனேன். அவசரத்தில் சாதாரணக் கணக்கில் நுழைந்திருக்கிறேன். "உமக்கு அந்த உரிமை இல்லை. இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்" என்றது. யாரிடம்? நிர்வாகியிடம். நிர்வாகி நான்தான். உடனே எனக்கு ஒரு மடல் வந்தது: மாசிலாமணி என்பவர் அத்துமீற முயன்றார். அவரை இரண்டு நிமிஷம் கண்டித்தேன்.

அனுப்பியது: "நான் ஒன்றும் செய்யவில்லை. தானாக நின்றது."

13:44

வந்தது: "நாலாயிரத்துப் பதினேழு நாள் ஓடினது தானா நிக்காது. இருக்கட்டும். முன்னாடி அது ஓடின பழைய ஜாவா வட்டுல எங்கயாவதுதான் கெடக்கும். தேடுங்க. அப்பறம் அண்ணாச்சி, நான் கேட்டதுக்குப் பதில் வரலை."

தேடினேன். கிடைத்தது. முப்பத்தேழு கிடைத்தது.

அத்தனையும் என் கைங்கரியம். வந்த புதிதில் ஒவ்வொன்றாக நிறுவி, பிடிக்காமல், அழிக்க மனமில்லாமல் விட்டுவைத்தவை. அடைவுகளின் பெயர்கள்: பழசு. புதுப்பழசு. கடைசி. உண்மையான கடைசி. சத்தியமாக இதுதான் கடைசி. தொடாதே. தொடாதே-2. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே முகம். எது சரி என்று எனக்கு நினைவில்லை. ஒவ்வொன்றையும் கொடுத்துப் பார்த்தால் சுவாசினி இருபது நிமிஷம் சூடாகிப் பிறகுதான் காறித் துப்புவாள். முப்பத்தேழு இருபது எழுநூற்று நாற்பது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். என்னிடம் ஐந்து மணி நேரம்கூட இல்லை.

அனுப்பியது: "மின்சாரம் ஒரு கணம் போய் வந்தது. அதனால்தான்."

15:20

மூன்று ஜாவா முடிந்தது. மூன்றும் துப்பின.

வந்தது: "உங்க மின்சாரக் கணக்கு இங்க என் முன்னாடி ஓடிட்டிருக்கு. பதினோரு வருஷத்துல ஒரு நொடி போகலை. அண்ணாச்சி, உங்க பொய் ஒண்ணுக்கு எம்பத்தாறு நிமிஷம் செலவாகுது. மூச்சு உங்களோடது. இன்னும் எத்தனை கையில வச்சிருக்கீய?"

திமிரைப் பாருங்கள். பதில் அனுப்பவில்லை. நானே கண்டுபிடிப்பேன். ஒரு சமயம் இந்த உலையை வெறும் பல்லால் கழற்றிப் பூட்டியவன் நான்.

16:48

பழசு: இல்லை. கடைசி: இல்லை. உண்மையான கடைசி: இல்லை. தொடாதே: தொட்டேன். இல்லை.

தொட்டி இறங்க இறங்கக் காற்று மெலிந்து வருகிறது. தலைக்குள் யாரோ உளுந்து ஆட்டுகிறார்கள். வியாழன் ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறது. இப்போது கண்ணடிக்கவில்லை.

அனுப்பியது: "ஆயுதபூஜைக்கு நான்தான் அணைத்தேன்."

பதினோரு வருஷத்தில் நான் அனுப்பிய செய்திகளில் இதுதான் சின்னது. விரல் எழும்பவே ஐந்து நிமிஷம் ஆனது.

18:15

இதை அப்படியே பதிகிறேன்.

வந்தது: "இதைக் காலைலயே சொல்லியிருந்தா இந்நேரம் சாப்பிட்டுத் தூங்கியிருப்பீய. அணைச்சு எழுப்பினா, கையால அடிச்ச வரி போயிரும். கோப்புல எழுதினதுதான் நிக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இதையேதான் சொன்னேன். அதுக்கு நீங்க எனக்கு எழுதின கடுதாசி, என் மேசைக்கு மேல ஒட்டியிருக்கேன். தெனமும் அதைப் பாத்து வயிறெரிஞ்சிட்டுத்தான் காப்பி குடிக்கேன். வாசிக்கேன், கேளுங்க. 'செண்பகவல்லிக்கு மாசிலாமணி. சுவாசினிக்கு உரிய ஜாவாவைக் கடைசிக்கு முந்தினது என்ற அடைவில் கண்டேன். அதற்கான வரியைத் திரையில் கையால் அடித்துவிட்டேன். கோப்பில் எழுத மாட்டேன். எழுதுவது பயந்தவன் வேலை. இந்த மெஷின் நிற்கும் நாளில் நான் மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.' அந்த அடைவைக் குடுங்க. இந்தத் தடவை கோப்புல எழுதுங்க. கையெடுத்துக் கும்பிடுதேன்."

கடைசிக்கு முந்தினது. வரியை அடித்தேன். சுவாசினி சூடாகிறாள்.

18:37

ஓடுகிறாள். தொட்டி முள் பூஜ்யத்தில் படுத்த ஏழாவது நிமிஷம் உலை இருமியது. மூக்கில் காற்று வந்தது. குடியிருந்த வீட்டுக்குள்ளேயே மறுபடி பிறந்தேன். என்னை எமன் நேரில் அழைக்க வந்ததாகவும், நான் வரிசையில் நிற்கச் சொன்னதாகவும் வருங்காலத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

18:52

கோப்பில் எழுதப் போனேன். நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டது. என் கடவுச்சொல் நாற்பத்தோரு எழுத்து. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டங்கள் அத்தனையும் அதில் வரிசையாக வரும். முதல் தரம் தப்பு. இரண்டாம் தரம் ஒரு பட்டம் விட்டுப்போனது. மூன்றாம் தரமும் தப்பு.

"நிர்வாகிக் கணக்கு பூட்டப்பட்டது. மறுதொடக்கத்துக்குப் பின் திறக்கும்."

மறுதொடக்கம் என்றால் வட்டுச் சோதனையும் உலைச் சூடும் சேர்த்து நான்கு மணி நேரம். கையிருப்பு சுழி. அறையில் இருக்கும் காற்று ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம். ஆக, வரி திரையில் மட்டும் இருக்கிறது. திரையைத் தொடாமல் இருந்தால் போதும். பதினோரு வருஷம் அப்படித்தானே இருந்தது.

அவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாளில் ஒரு முறைதான் தோற்க முடியும்.

அனுப்பியது: "கோப்பில் எழுதிவிட்டேன். அவசரத்துக்கு ஒளித்துவைத்த இரண்டாம் தொட்டி நிரம்பி வழிகிறது. மாசிலாமணி பேச்சு மாறமாட்டான்."

20:20

வந்தது: "நம்புதேன் அண்ணாச்சி. ஆனா உங்களைத் தெரியும், அதனால சோதிச்சும் பாத்துருவோம். ஒளிச்சு வச்ச தொட்டிதான் நிறைஞ்சிருக்கே. இங்கருந்தே மறுதொடக்க ஆணை போட்டிருக்கேன், இதுக்குப் பின்னால பத்து நிமிஷத்துல வந்து சேரும். கம்பி கிம்பி விட்டுப்போச்சுன்னா என்ன செய்யன்னு, நீங்க சரின்னு சொல்லுத வரைக்கும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அதுவா வந்துட்டே இருக்கும். எழுதியிருந்தா அதுவா எந்திரிக்கும். எழுதாம இருந்திருந்தா இப்பவே சொல்லியிருப்பீயன்னு நெனைக்கேன்."

அவள் இதைச் சொல்லி முக்கால் மணி ஆகிவிட்டது. ஆணை ஏற்கெனவே வழியில். வேண்டாம் என்று கத்தினாலும் அது அங்கே போய்ச் சேர 43 நிமிஷம். அதற்குள் நான்கைந்து ஆணை வந்துவிடும்.

ஆன்டெனாவிலிருந்து உள்ளே வருவது ஒரே கம்பி. சுவருக்குள் பிரிந்துதான் சுவாசினிக்கும் வானொலிக்கும் போகிறது. கேட்பதும் பேசுவதும் அதிலேயே.

20:29

பிடுங்கிவிட்டேன்

நாள் 4018 / 07:00

விஜயதசமி. வெளியே ஆணை வந்துகொண்டிருக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒன்று. அறுபது கடந்திருக்கும். கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

கணக்குப் பார்த்தேன். நான் மூச்சு விட்டது போக சுவாசினி சேர்த்து வைப்பது கொஞ்சம். நான்கு மணி நேரக் கையிருப்பு சேர ஒன்பது நாள். அதுவரை கம்பியை மாட்டினால் செத்தேன்; மாட்டியபின் வானொலி பேச ஆரம்பிக்கக் கால் மணி ஆகும், அதற்குள் ஓர் ஆணை உள்ளே வந்துவிடும். அதன் பிறகு மாட்டலாம். அதுவரை திரை அணையக்கூடாது, விசைப்பலகையில் விரல் படக்கூடாது. அதன்மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தட்டில் நேற்றைய குங்குமம்.

நாங்குநேரியில் இந்நேரம் என்ன நடக்கும். ஆணை அனுப்பினாள். அதன் பின் என்னிடமிருந்து ஒரு சொல்கூட இல்லை; இருந்த ஒன்பது நிமிஷமும் சுவருக்குள் கம்பியைத் தேடுவதிலேயே போய்விட்டது. முதல் நாள் கோபித்துக்கொண்டேன் என்று நினைப்பாள். இரண்டாம் நாள் கணக்குப் போடுவாள். நல்ல கணக்குக்காரி. தொட்டி காலியாகத்தான் இருந்தது, அவன் எழுதவில்லை, நான் அணைத்துவிட்டேன் என்று மூன்றே வரியில் வந்து நிற்பாள். அந்தக் கடுதாசி அவள் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கும். மெஷின் நிற்கும் நாளில் நான் மூச்சை

ஒன்பது நாள். அவளுக்கு ஒன்பது நாள்.

கண்டெடுப்பவரே, நான் இங்கே இல்லாமல் நீங்கள் இதைப் படித்தால், முதலில் நாங்குநேரிக்குச் சொல்லுங்கள், அவள் அனுப்பிய ஆணை உள்ளே வரவே இல்லை என்று. மற்றதை நம்ப வேண்டாம். பூசணிக்காய் நிலவு பொய். பல்லால் உலையைக் கழற்றியது பொய். எமன் வந்ததும் பொய். பேச்சு மாறமாட்டேன் என்றது எல்லாவற்றிலும் பெரிய பொய். ஒரே ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம். அந்த வரியை நான் கோப்பில் எழுதவில்லை.