தினம் ஒரு துண்டு வெல்லம்

அண்ணாச்சி, நேற்றுக் காலை உங்கள் மளிகைக் கடையின் ஷட்டரை மிஷின் வைத்து அறுத்தார்கள். நீங்கள் இறந்துபோன பிறகு நான்கு வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்த பூட்டு. சாவி உங்கள் பிள்ளைகளிடமும் இல்லையாம். தகரத்தை இழுத்துப் போட்டதும் உள்ளே அடைபட்டிருந்த வாசனை தெருவுக்கு வந்தது. பெருங்காயம், சீயக்காய், பழைய சாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே வெல்லம். மருந்து வாங்கப் போன நான் நின்றுவிட்டேன். நிற்காமல் போயிருக்க வேண்டும்.

எதிர்வீட்டு அந்தோணி பக்கத்தில் வந்து நின்றார். உங்கள் கடை பெஞ்சிலேயே ஓய்வுக்காலத்தைக் கழித்தவரை உங்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வாசனையை மூக்கால் இழுத்துவிட்டுச் சிரித்தார்.

“சாரோட வெல்லம் வாசனை, மேடம்.”

“எந்த சார்?”

“நம்ம சார்தான். அண்ணாச்சி தினம் சாயங்காலம் சும்னே, காசு வாங்காம, ஒரு துண்டு உடைச்சுக் குடுப்பாரே, மண்டியா வெல்லம்! வாயில போட்டுட்டு, ‘மேலிடத்துக்குத் தெரியக் கூடாது’ம்பாரு சார்.”

சொல்லி முடித்த பிறகுதான் மேலிடம் எதிரில் நிற்பது அவருக்கு உறைத்தது.

என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த மறுநாளே நான் உங்கள் கடைக்கு வந்தேன். பருப்பில் கல் இருந்தால் அந்தக் கல்லைக் காகிதத்தில் மடித்துவந்து உங்கள் தராசுத் தட்டில் வைக்கிறவள் நான். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்துகொண்டார்கள். “இவருக்கு இனிப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. கேட்டாலும்” என்றேன். நீங்கள் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டீர்கள்.

“நானா குடுப்பேன் மேடம்? சாரு எனக்குக் கூடப்பொறந்தவரு மாதிரி. அவருக்கு வெசத்தையா குடுப்பேன்?”

நம்பினேன். கான்வென்ட்டில் படித்தவள் நான். கொடுத்த வாக்கை மீறுகிறவர்கள் உண்டு என்று தெரியும். தினம் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டே ஏழு வருடம் மீறுவார்கள் என்று தெரியாது.

உங்களுக்குத் தெரியாததைச் சொல்கிறேன், கேளுங்கள். மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் அவரைப் பார்க்க மாட்டார், என்னைப் பார்ப்பார். “வீட்ல நீங்கதாம்மா கவனிக்கணும்.” ஒரு வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அவர் சோற்றில் ஒரு கரண்டி குறைத்தேன். அடுத்த மாதம் இன்னும் ஏறியிருந்தது. இன்னொரு கரண்டி. பிறகு வாழைப்பழம், உருளைக்கிழங்கு. கடைசியில் சோறே இல்லை. அவர் என் தட்டைப் பார்ப்பதைத் தாங்காமல் நான் சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தேன்.

கடைசிக் கிறிஸ்துமஸுக்கு அக்கம்பக்கத்துக்கென்று கேக் செய்தேன். “ஒரு ஓரம் மட்டும் குடு. உதிர்ந்த தூள் போதும்” என்றார்.

“ரிப்போர்ட்டைப் பாத்தீங்களா?” என்று கேட்டு டப்பாவை மூடினேன்.

மறு கிறிஸ்துமஸுக்கு அவர் இல்லை.

நீங்கள் அங்கே கொடுத்துக்கொண்டே இருந்தீர்கள். சர்க்கரை எங்கிருந்து ஏறுகிறது என்று புரியாமல் நான் இங்கே அவர் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தேன். நல்லவர் என்ற பெயர் உங்களுக்கு, ராட்சசி என்ற பெயர் எனக்கு. கல்லறைத் தோட்டத்தில் என்னைவிட அதிகமாக அழுதீர்கள். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்து, உங்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னவள் நான்.

அவர்மேல் கோபம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதை அவரிடம் சொல்லிக்கொள்வேன். அது எங்கள் வீட்டு விஷயம்.

இன்று மாலை அந்தோணி வீட்டுக் கதவைத் தட்டினேன். சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கதவைப் பாதிதான் திறந்தார்.

“அந்தக் கடையில உக்காந்து என் வீட்டுக்காரர் அப்படி என்னதான் பேசுவார்?”

“அது… உங்கள மாதிரியே பேசிக் காட்டுவாரு மேடம்.”

“எப்படி?”

“வேணாம் மேடம்.”

“காட்டுங்க.”

மனிதர் கழுத்தை நிமிர்த்தி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, கீச்சுக்குரலில் சொன்னார்: “இந்தாங்க, நான் கேட்டது துவரம்பருப்பு. நீங்க குடுத்தது ஜல்லி.”

“நானா இப்படிப் பேசுவேன்?”

“சார் செஞ்சா அப்படியே நீங்கதான் மேடம்! அண்ணாச்சி சிரிச்சு சிரிச்சு மூச்சு வாங்குவாரு. அவரும் திருப்பிச் செஞ்சு காட்டுவாரு, அச்சு அசலா சார் செஞ்ச மாதிரியே. எனக்குத்தான் வராது.”

நாற்பத்தொரு வருடம் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தோம். என் எதிரில் அவர் யாரையும் பேசிக் காட்டியதில்லை. அவருக்கு அது வரும் என்றே எனக்குத் தெரியாது. அந்த மனிதரை நீங்கள் உங்கள் கடையிலேயே வைத்துக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்தவர், பசியோடு, பேசாமல், என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த ஒருவர்.

நீங்கள் இருந்திருந்தால் இன்றைக்கே வந்திருப்பேன். தெருவே கேட்கும்படி முதலில் திட்டித் தீர்த்திருப்பேன். அதன் பிறகு, என் கணவர் என்னை எப்படிப் பேசிக் காட்டினார் என்று செய்து காட்டச் சொல்லியிருப்பேன். சரியாக வரும்வரை உங்களை விட்டிருக்க மாட்டேன்.