எனக்குத் தெரியாத கியர்

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுவதிலேயே போயிற்று. சாப்பிட வீட்டுக்கு வந்தால் மனைவி போனை நீட்டுகிறாள். பழைய கார் ஒன்று விற்பனைக்கு. வெளிர் பச்சை. கியர் கம்பி கீழே இல்லை, ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியிருக்கிறது. அவள் அண்ணன் வைத்திருந்த அதே வண்டி, அதே நிறம்.

“ரிட்டயர் ஆகறதுக்குள்ள இதை ஒருதடவை ஓட்டிப் பார்த்துடணும்ங்க” என்றாள்.

முப்பத்து நாலு வருடமாக அண்ணன் பேச்சையே எடுக்காதவள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

மார்ச் 6

தட்டிக்கழிக்கப் பார்த்தேன். பாகம் கிடைக்காது, பெட்ரோலாகக் குடிக்கும், நிறுத்த இடமில்லை.

“உங்களையா தள்ளச் சொன்னேன்?” என்றாள். முடிந்தது.

மார்ச் 9, ஞாயிறு

விற்பவர் ஒரு பல் டாக்டர். முழங்கால் போய்விட்டதாம், கிளட்ச் மிதிக்க முடியவில்லை. அவள் உட்கார்ந்தாள், கிளப்பும்போதே இரண்டுமுறை எஞ்சினை அணைத்துவிட்டாள். “சார், நீங்க ஒரு ரவுண்டு போங்களேன்” என்றார் அவர்.

“எனக்கு இந்த கியர் தெரியாதுங்க.”

அன்று போலீஸ்காரரிடம் சொன்ன அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறாமல் வந்தது.

வாங்கிவிட்டாள்.

மார்ச் 10

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டுக்காவது தெரியட்டும்.

அவள் அண்ணன் செத்த அன்று ஓட்டியது நான். அவன் இல்லை. ஒரு மாதமாக அவன்தான் எனக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றப் போனேன், கம்பி நடுவில் சிக்கிக்கொண்டது. வண்டி எந்தக் கியரிலும் இல்லாமல் உருண்டது. பிரேக் பிடிக்கவில்லை. கடைசி நொடியில் அவன் குறுக்கே சாய்ந்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். சுவர் அவன் பக்கம் வந்தது.

ஆட்கள் ஓடி வந்தபோது நான் வெளியே கிடந்தேன், அவன் ஸ்டியரிங் மேல். யார் ஓட்டியது என்று கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினேன். பிறகு போலீஸ்காரரிடம் அந்த ஒரு வாக்கியம், அவ்வளவுதான். அவ்வளவு போதுமாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து அவன் தங்கையைக் கட்டிக்கொண்டேன். பாவத்தைக் கழுவவா? இல்லை, பிடித்துத்தான் கட்டினேன். அது இன்னும் மோசம் இல்லையா?

மார்ச் 12

வாசலில் நிற்கிறது. வெயிலில் கண்ணாடி மினுங்கும்போது உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது போல. கடைக்குப் பின்வாசல் வழியாகப் போனேன்.

மார்ச் 16, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

பக்கத்தில் உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி மேட்டில் பாதி ஏறும்போது கம்பி சிக்கியது. வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது. பின்னால் பஸ். “கிளட்சை விடாதே” என்று கத்தினேன். அதற்குள் என் வலது கை போய்விட்டது — கம்பியை லேசாக அசைத்து, அவள் பக்கம் இழுத்து, கீழே. முதல் கியர். வண்டி ஏறியது.

வீட்டு வாசலில் நிறுத்தினாள். எஞ்சினை அணைத்தபின் கேட்டாள்.

“தெரியாதுன்னீங்களே?”

“யாரோ போடறதைப் பார்த்திருக்கேன்.”

“பார்த்த கை இப்படிப் போகாதுங்க. முப்பது வருஷமா கையையும் காலையும் பிடிச்சுவிட்டுப் பொழைக்கறவ நான். பழகின கை எது, பழகாத கை எதுன்னு எனக்குத் தெரியாதா?”

பிசியோதெரபி செய்பவளிடம் கையை மறைக்க முடியுமா? சொல்லிவிட்டேன். காருக்குள்ளேயே. முழுவதும்.

மார்ச் 17

பேசவில்லை.

மார்ச் 19

என் துணிகளை மடித்து, ஒரு பையில் வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டு கடை மாடிக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 22, சனி

கூப்பிட்டாள். போனேன். நின்றபடியே கேட்டாள்:

“அவன் கடைசியா ஏதாவது சொன்னானா?”

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது. சொன்னால் ஓட்டியது யார் என்று தெரிந்துவிடும்.

“‘கையை லேசா விடுடா, அதுவா போகும்’னான்.”

“திட்டலையா?”

“இல்ல.”

“பயந்துட்டானா?”

“இல்ல. கத்துக்கொடுக்கற குரல்தான்.”

அதை அவள் வாய்க்குள் இரண்டுமுறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம், “அப்பா சாகறவரைக்கும் அவனைத் திமிர் பிடிச்சவன், வேகமா ஓட்டிச் செத்தான்னு திட்டிக்கிட்டேதான் போனார். நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு போட்டோகூட மாட்டல” என்றாள். “அப்பா இருக்கும்போது நீங்க பக்கத்துல உட்கார்ந்து மருந்து கொடுத்தீங்க. அப்பவாவது சொல்லியிருக்கலாம்.”

கடை மாடிக்குத் திரும்பினேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவள் சித்தப்பா, அத்தை, அண்ணனின் பழைய சிநேகிதர்கள் இருவர். ஒவ்வொருவருக்கும் அவளே போன் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் சொன்னேன். சித்தப்பா பாதியில் வைத்துவிட்டார். அத்தை மட்டும், “அவன் நல்லாத்தானே ஓட்டுவான்” என்று அழுதாள்.

ஏப்ரல் 14, திங்கள்

மாலை கடைக்கு வந்தாள். அந்தக் காரில்தான். ஓட்டும்போது எதிர்வெயில் கூசுகிறதாம், கண்ணாடி மாற்ற வேண்டுமாம். எல்லாருக்கும் செய்வது போல உட்காரவைத்துப் பார்த்தேன். பலகையில் கடைசி வரிவரை படித்தாள்.

பவர் எழுதும் சீட்டில், பழக்கத்தில் அவள் பெயரோடு என் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தேன். பேனாவை வாங்கி என் பெயரை அடித்தாள். தன் அப்பா பெயரை எழுதினாள்.

“எப்ப கிடைக்கும்?”

“வியாழக்கிழமை.” சீட்டைக் கிழித்து நீட்டி, “வீட்டுக்குக் கொண்டுவரட்டுமா?” என்றேன்.

“வேண்டாம்” என்றாள். “நானே வந்து வாங்கிக்கறேன்.”