இந்த வருஷத்து முந்திரிக்கொத்து

சேலையூர், கிழக்கு தாம்பரம்
கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள்

அன்பு மகள் சுஜிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முட்டிவலியைத் தவிர, பிறகு நான் கீழே சொல்லப்போகிற ஒன்றைத் தவிர, ஆண்டவர் கிருபையில் இங்கே எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. அங்கே நீயும் மாப்பிள்ளை சாலமனும் அந்தக் குளிருக்குத் தாக்குப்பிடித்து இருக்கிறீர்களா, டூட்டிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா. ஒருநாள் விட்டு ஒருநாள் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் நல்ல செய்தி மட்டும்தான் எனக்கு வாயில் வருகிறது. நீயும் நர்ஸ், பாதி சொல்லும்போதே அந்த டெஸ்ட் எடுத்தாயா இந்த டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்பாய். அதனால் இதை முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு போன் பண்ணு.

அக்டோபர் மழையில் எனக்குக் காய்ச்சல் வந்ததல்லவா, நாலு நாளில் சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன், அது உண்மைதான், காய்ச்சல் போய்விட்டது. ஆனால் அதோடு என் மூக்குக்கு வாசனையும் போய்விட்டது. முதலில் எனக்கே தெரியவில்லை, சளி பிடித்திருக்கிறது, போகப்போகச் சரியாகும் என்று இருந்துவிட்டேன். ஒரு நாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே திரும்பி நின்று கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன், கீழ் வீட்டுக் கன்னியம்மா மூச்சு வாங்க மாடிக்கு ஓடி வருகிறாள். யக்கா, இன்னா நீ, பால் தீஞ்சு தெருவே நாறிகினு கீது, நீ அடுப்பாண்டையே நின்னுகினு கீற என்று கேட்டுக்கொண்டே அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைப் பார்த்தால் கரி. எனக்கு ஒரு துளி வாசனை தெரியவில்லை. அவளிடம் ஏதோ ஞாபகத்தில் நின்றுவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டு, பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு வைத்துப் பார்த்தேன், காபித்தூளை மோந்து பார்த்தேன், அப்பாவின் வலித் தைலத்தைக்கூட மோந்து பார்த்தேன். வெறும் காற்றுதான் உள்ளே போய் வந்தது.

அப்பாவிடம் பிரஷர் மாத்திரை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக ஒரு டாக்டரிடம் போனேன். அவர் நன்றாகப் பார்த்தார். காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது, சிலருக்குச் சில மாதத்தில் திரும்பும், சிலருக்கு வருஷம் ஆகும், சிலருக்கு வராமலே போகவும் செய்யும், காத்திருந்துதான் பார்க்கணும் என்றார். அதனால் பயப்படாதே, கேட்க வேண்டியதைக் கேட்டாகிவிட்டது. வாசனை போனால் ருசியும் போய்விடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உப்பும் புளிப்பும் அடுத்த தெருவில் யாரோ கூப்பிடுவது போல லேசாகத் தெரிகிறது, மிளகாய் மட்டும் நாக்கில் சுடுகிறது, மற்றபடி எதைச் சாப்பிட்டாலும் ஈர அட்டையை மெல்வது போல இருக்கிறது. கைப்பழக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்தேன். அப்பா எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார், நானும் ஒப்பேற்றிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டேன்.

டிசம்பர் பிறந்ததும்தான் எனக்குக் கலக்கம் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை எல்லாரும் நம் வீட்டில் கூடிப் பலகாரம் சுடுவது உனக்குத் தெரியாததா. நீ சின்னவளாக இருக்கும்போது ஹாலில் நியூஸ்பேப்பர் விரித்து, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள், சிங்கப்பெருமாள்கோவில் அத்தை வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, புதுச் சீப்பின் மேல் மாவை வைத்து அழுத்தி அழுத்திக் கலகலா உருட்டுவீர்கள். நீ உருட்டுவதில் பாதியைப் பச்சை மாவாகவே தின்றுவிட்டு வயிறு வலிக்கிறது என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாய். எண்ணெயிலிருந்து எடுக்கிற முதல் பலகாரத்தை நான்தான் ருசி பார்க்கவேண்டும், நான் சரி என்று சொல்கிறவரை ஒரு கையும் தட்டுக்கு வரக்கூடாது. நான் வேண்டுமென்றே மெதுவாக மெல்லுவேன், நீங்களெல்லாம் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், உன் கண் மட்டும் தட்டின் மேல் இருக்கும். நான் தலையை ஆட்டியதும் தட்டு காலி. பிறகு பின்வீட்டு சுந்தரராமன் மாமா வீட்டுக்கு, அவர்கள் தீபாவளிக்குக் கொடுத்த அதே தட்டில் வைத்து, பூவேலை செய்த துணி போட்டு மூடி, நீதான் எடுத்துப் போவாய். திரும்பி வரும்போது உன் கவுன் பாக்கெட்டில் இரண்டு கலகலா குறையாமல் இருக்கும். அதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கண்ணில் தெரிகிறது, காதில் கேட்கிறது. அந்த எண்ணெய்ச் சட்டியின் வாசனையை மட்டும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன், பிடிபடமாட்டேன் என்கிறது.

இந்த வருஷம் கால் வலி, கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அப்பா சித்தப்பாவிடம் நாளைச் சொல்லிவிட்டார், அவர்களும் கீழ்க்கட்டளையிலிருந்து காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். சிங்கப்பெருமாள்கோவில் அத்தை குடும்பமும் ரயிலில் வந்துவிட்டது. சரி, கை பழகின வேலைதானே என்று நானும் தைரியமாக அடுப்படிக்குள் போய்விட்டேன். அச்சு முறுக்கு பிரச்சினை இல்லாமல் வந்தது, அது கண்ணுக்கே தெரிந்துவிடும். முந்திரிக்கொத்தில்தான் மாட்டிக்கொண்டேன். அதற்குப் பச்சைப் பயறை வறுத்து எடுக்கிற பதம் முழுக்க மூக்கில்தான் இருக்கிறது, நிறத்தைப் பார்த்து எடுத்தால் ஒன்று பச்சையாக இருக்கும் இல்லை கசந்துபோகும். நான் கருகிவிடுமோ என்ற பயத்தில் சீக்கிரமே இறக்கி, உடைத்து, பாகு ஊற்றி, உருட்டி, மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டும் எடுத்துவிட்டேன். முதல் கொத்தை வழக்கம்போல என் கையில் கொடுத்தார்கள். நான் மென்றேன், எல்லாரும் பார்த்தார்கள், நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

எல்லாரும் எடுத்துக் கடித்தார்கள். அத்தை, நல்லாருக்கு ரத்தினம் என்றார். சித்தப்பா, சூப்பர் அண்ணி என்றார். அப்பா இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார். ஜாஸ்மின் சித்தியைத்தான் உனக்குத் தெரியுமே, எதையும் உடைத்துப் பேசுகிறவள், கல்யாண வீட்டில் உட்கார்ந்துகொண்டே பிரியாணியில் கறி வேகவில்லை என்று சொல்கிறவள், அந்த வாய்க்காகவே நானும் அவளிடம் கொஞ்சம் எட்டியே பழகினேன். அவள் பாதி கடித்ததை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, அக்கா, பயறு வறுபடல, பச்ச வாசன அடிக்குது, இத எப்படி நீங்க சரின்னு சொன்னீங்க என்று கேட்டாள். அவள் மகள் ஜீவிதா, அம்மா சும்மா இரும்மா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். நான் எழுந்து அடுப்படிக்குள் போய், சிங்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

ஜாஸ்மின் பின்னாலேயே வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்க வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேடையில் இருந்த ஏலக்காய் டப்பாவைத் திறந்து என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். நான் இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினேன். எப்பலருந்துக்கா என்றாள். காய்ச்சலுக்கு அப்புறம் என்றேன். வேற யாருக்குத் தெரியும் என்றாள். யாருக்கும் தெரியாது என்றேன். அதற்குமேல் அவள் ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை, என்னைத் தொட்டுத் தேற்றவும் இல்லை. குழாயை மூடினாள், புடவையைத் தூக்கிச் சொருகினாள், பயறு இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். நீங்க வறுங்க, நான் மோந்து சொல்றேன், கை உங்களுது, மூக்கு என்னுது என்றாள்.

இரும்புச் சட்டியைக் காயவைத்துப் பயறைப் போட்டு நான் கிளற ஆரம்பித்தேன். அவள் சட்டிக்கு மேல் குனிந்து நின்றுகொண்டாள். இப்ப ஒண்ணும் இல்ல, வெறும் இரும்பு வாசனதான் என்றாள். கொஞ்சம் கழித்து, இப்ப ஈர சாக்கு மாதிரி அடிக்குது, வறுங்க என்றாள். பிறகு, இப்ப புதுசா வெள்ளையடிச்ச சுவத்துல முதல் மழை பட்ட மாதிரி என்றாள். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு இன்னும் கிட்டே குனிந்தாள். அப்புறம் மெதுவாக, அக்கா, நான் கல்யாணமாகி வந்த புதுசுல தாம்பரம் ஸ்டேஷன் வாசல்ல ஒருத்தர் மணல்ல கடல வறுப்பாரே, சாயங்காலம் ரயில விட்டு எறங்கினா படியிலயே வருமே, அது வந்துருச்சு, எறக்குங்க என்றாள். சுஜி, எனக்கு மூக்கில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அவள் அதைச் சொன்னதும் அந்தப் படிக்கட்டும், கூட்டமும், இடுப்பில் நீயும், உனக்காக நான் பொட்டலம் வாங்கிப் பிரித்துக் கொடுத்ததும் அப்படியே முன்னால் வந்து நின்றது. சட்டியை இறக்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வெல்லத்தை நறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டாவது தடவை சுட்ட முந்திரிக்கொத்தை நானே ஹாலுக்கு எடுத்துப் போனேன். இந்த வருஷம் ருசி பார்த்து ஜாஸ்மின்தான் சொல்லுவா, எனக்கு வாசனையும் ருசியும் போயிடுச்சு என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அதை இத்தனை நாள் எவ்வளவு பாரமாகச் சுமந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பிள்ளைகளெல்லாம் சித்தியின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் என்னைப்போலப் பிள்ளைகளைக் காக்கவைக்கவில்லை, ஒரே கடி, இதுதான் முந்திரிக்கொத்து, சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டாள். அப்பாதான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாரும் போன பிறகு நான் அவரிடம், உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும் என்றேன். அவர், நான் எப்பவோ கண்டுபிடிச்சிட்டேன் ரத்தினம், ரசத்துல உப்பு இல்லன்னு சொன்னா நீ கரண்டியையே கீழ வச்சிருவன்னு பயந்து மோர ஊத்திச் சாப்பிட்டுட்டேன் என்றார். நம் அப்பாவா இப்படி, உப்பு கொஞ்சம் குறைந்தாலே தட்டைத் தள்ளி வைக்கிறவர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இப்போது உப்புப் பார்க்கிற வேலை அவருக்குத்தான். அதில் அவருக்கு ஒரே பெருமை, குக்கர் மூடியைத் திறந்ததும் கரண்டியோடு வந்து நிற்கிறார்.

நேற்று ஆராதனை முடிந்து எல்லாரும் இங்கேதான் சாப்பிட்டார்கள். ஜாஸ்மின் முந்தின நாளே வந்து தங்கிவிட்டாள், பிரியாணிக்குத் தாளிக்கும்போது பட்டை தூக்கலாக இருக்கிறது என்று என்னைத் திட்டினாள், நானும் பதிலுக்குத் திட்டினேன், இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பேசியதே இல்லை. நீ இல்லாத குறை ஒன்றுதான். சித்தப்பா ஜெபத்தில் மறக்காமல் உன் பெயரைச் சொன்னார்.

லீவுக்கு வந்திருக்கிற நம் சபைப் பையன் ஆஸ்டின் வியாழக்கிழமை உங்கள் ஊருக்குத் திரும்பிப் போகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் பலகாரப் பெட்டியையும் கொடுத்து அனுப்புகிறேன். அச்சு முறுக்கு நொறுங்கிவிடும், அதை முதலில் சாப்பிடுங்கள், முந்திரிக்கொத்து பத்து நாளைக்குத் தாங்கும். டூட்டி முடிந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு ரசமாவது வை. மாப்பிள்ளையிடம் எங்கள் அன்பைச் சொல்.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன். நீ பிறந்த அன்று உன்னைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது நான் முதலில் உன் உச்சியைத்தான் மோந்து பார்த்தேன். ஸ்கூல் விட்டு வந்தாலும், ஹாஸ்டலில் இருந்து வந்தாலும், கல்யாணமாகி முதல்முறை வந்தபோதும், உன்னைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதைத்தான் செய்திருக்கிறேன், உனக்குத் தெரியாது. ஜூன் மாதம் நீ வந்து மீனம்பாக்கத்தில் இறங்கும்போது அந்த வாசனை எனக்குத் திரும்பியிருக்குமோ இல்லையோ, தெரியவில்லை. இல்லாமல் போனால் நான் அங்கேயே அழுதாலும் அழுவேன், நீ பயந்துவிடக்கூடாது என்றுதான் இப்போதே சொல்லி வைக்கிறேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உங்கள் இருவரையும் சுகமாக எங்கள் கண்ணில் காட்டட்டும். ஏர்போர்ட்டில் நான் உன்னைக் கொஞ்ச நேரம் கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நிற்பேன், பெட்டியைத் தள்ளவேண்டும், வண்டி நிற்கிறது என்று அவசரப்படாதே.

உன் அம்மா,
ரத்தினபாய் லாசரஸ்